போகாதீங்க, அங்கிள்!

சென்ற மாதம் ஒரு ரிடையர்மெண்ட் பார்ட்டிக்குப் போயிருந்தேன். நியூ ஜெர்சியில் பிஸ்கட்டவே என்ற ஊரில் ஒரு சர்ச் ஹாலை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். பலூன் கட்டியிருந்தது. மாலை இருந்தது. பொன்னாடைகள் ஒரு நாற்காலி நிறையக் குவிந்து கிடந்தன. கேக்கின் மேல் 'ஹேப்பி ரிடையர்மெண்ட்' என்று நீல க்ரீமில் எழுதியிருந்தது. பிரியாணி வாசனை கார் பார்க்கிங் வரைக்கும் வந்து வரவேற்றது.

எல்லாம் இருந்தது. ரிடையர் ஆக வேண்டியவர் மட்டும் ரிடையர் ஆகவில்லை!

காரணம் யார் என்கிறீர்கள்? விருந்து சாப்பிடப் போன நாங்கள்தான்.

ஞானராஜ் அங்கிளுக்கு எழுபத்தைந்து வயது. பாளையங்கோட்டைக்காரர். மேல்படிப்புக்காக அமெரிக்கா வந்தவர், இங்கேயே ஒரு கம்பெனி ஆரம்பித்துவிட்டார். மருந்து ஃபாக்டரிகளில் பம்புகள் ஓடுகின்றன அல்லவா, அவை ஒழுகாமல் இருக்க ஒரு வளையம் போடுவார்கள். உள்ளங்கையில் அடங்கிவிடும். அந்த வளையத்தைச் செய்துதான் முப்பத்தைந்து வருடங்களாக எங்கள் எல்லோருக்கும் சம்பளம் கொடுக்கிறார்.

எங்களுக்கு என்றால்... எனக்கும்தான். பாக்கிங் செக்‌ஷனில் இருக்கிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மனைவி ரோஸி நர்ஸ் வேலை கிடைத்து நியூ ஜெர்சிக்கு வந்தாள். நான் அவளுடைய பெட்டிகளோடு ஒரு பெட்டியாக வந்து இறங்கினேன். இந்த ஊரில் நமக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று நான் உதறிக்கொண்டிருந்த சமயத்தில், ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது தோளைத் தட்டி, "நாளைக்கு ஃபாக்டரிக்கு வாரும்வே" என்றவர் அங்கிள்.

முதலாளியைப் போய் அங்கிள் என்று கூப்பிடலாமா? இங்கே நம்மவர்களுக்குள் அப்படித்தான். தலை நரைத்தால் அங்கிள். அதில் சௌகரியமும் உண்டு, ஒரு சங்கடமும் உண்டு. இந்த நாட்டில் சேர்மன் சரியில்லை என்றால் ஓட்டுப் போட்டு இறக்கிவிடலாம். பிரசிடென்ட்டையே இறக்கப் பார்த்தார்களே, டிவியில் பார்த்தோமே!

அங்கிளை எப்படி இறக்குவது?

பைபிளுக்கு அடுத்தபடியாக அங்கிள் நம்புவது ஒன்றே ஒன்றை - லாங் டெர்ம். எங்கள் சம்பளத்தில் பிடித்து, வயதான காலத்துக்கென்று பங்குகளில் போட்டு வைக்கிறார்கள். கம்பெனியின் பங்கும் அதில் கொஞ்சம் உண்டு. நானோ இயற்கையிலேயே கவலைப்படுகிறவன். தொடர்ந்து இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்கு அது தெரியும். தினமும் காலையில் பேப்பரில் ஷேர் விலை பார்ப்பேன். கால் டாலர் இறங்கியிருந்தால்கூட அன்றைக்கு லஞ்ச் இறங்காது. குபெர்டினோவில் இருக்கும் மச்சினன் வேறு போன் பண்ணும்போதெல்லாம் ஒரு டாட் காம் பெயரைச் சொல்லி, "நீங்க இன்னும் வளையத்தையே கட்டிக்கிட்டு அழறீங்களா மாமா?" என்பான்.

ஒருநாள் நான் பேப்பரும் கையுமாக நிற்பதை அங்கிள் பார்த்துவிட்டார்.

"என்னவே அந்தோணி, இன்னைக்கு என்ன பயம்?"

"விலை இறங்கியிருக்கு அங்கிள்..."

"உம்ம வீட்டுல தயிருக்கு உறை ஊத்துவீரா?"

"ரோஸி ஊத்துவா."

"உறைஞ்சிட்டா, உறைஞ்சிட்டான்னு அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா கரண்டிய விட்டுக் கலக்கினா உறையுமாவே? மூடி வச்சிட்டுப் போய்ப் படும்!"

படுத்தேன். தூக்கம்தான் வரவில்லை.

அங்கிள் சொன்னபடி நடக்கிறவர். பெர்லின் சுவர் விழுந்த அடுத்த வருடம் யூகோஸ்லாவியாவில், குரோஷியா பக்கத்தில், மூடும் நிலையில் இருந்த ஒரு ஃபாக்டரியை வாங்கினார். "ஐரோப்பாவுல இனிமே துப்பாக்கிச் சத்தமே கேக்காதுவே. ரஷ்யாக்காரனே கடையை மூடிட்டான். இப்ப போட்டா இருபது வருஷத்துல பாரும்!" என்றார். பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் டிவியில் அதையேதான் சொன்னார்கள். நானும் நம்பினேன். எனக்கு ஐரோப்பாவைப் பற்றி என்ன தெரியும்?

மறு வருடமே அங்கே யுத்தம். நாடு துண்டு துண்டாக உடைந்தது. ஃபாக்டரியின் கூரையில் ஷெல் விழுந்தது. வக்கீல் விற்கச் சொன்னார். பாங்க்காரர் விற்கச் சொன்னார். வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள் என்று நானும் மனசுக்குள் கெஞ்சினேன். அங்கிள் அசையவே இல்லை. "மூடி வச்சாச்சு. திறக்க மாட்டேன்."

சரி, மூடி வைத்தார். பக்கத்தில் யார் உட்கார்ந்து பார்த்துக்கொண்டது?

ஷீலா. அங்கிளின் ஒரே மகள். மூன்று வயதில் அமெரிக்கா வந்தவள். இன்ஜினியர். ஹங்கேரி வரைக்கும் விமானத்தில் போய், அங்கிருந்து பஸ், லாரி என்று எது கிடைக்கிறதோ அதில் ஏறி அந்த ஊருக்குப் போவாள். மெஷின்களுக்கெல்லாம் கிரீஸ் தடவி, தார்ப்பாய் சுற்றி, நிலவறையில் இறக்கினாள். அந்த நிலவறையிலேயே தொழிலாளிகளின் குடும்பங்களோடு தானும் படுத்துக்கொண்டாள். அந்த ஊர்ப் பாஷையைக் கற்றுக்கொண்டாள். வருடத்தில் பாதி நாள் அங்கே. அவள் நியூ ஜெர்சிக்கு வரும்போதெல்லாம் கொஞ்சம் இளைத்திருப்பாள். "எப்படிம்மா இருக்கு அங்கே?" என்று கேட்டால், "குளிர் அண்ணா. ஜன்னல்ல கண்ணாடி ஒண்ணுகூட இல்ல" என்று மட்டும் சொல்வாள்.

அந்தப் பக்கம் சண்டை ஓய்ந்தது. ஃபாக்டரி மறுபடி ஓடியது. ஜெர்மனியிலிருந்து ஆர்டர் வந்து குவிந்தது. இன்றைக்கு எங்கள் கம்பெனியில் பாதி வருமானம் அங்கிருந்துதான்.

அங்கிள் ஜெயித்துவிட்டார். "சொன்னேன்லா?" என்று ஃபாக்டரி முழுக்கக் கேட்டுக்கொண்டே நடந்தார். கேட்க வேண்டியதுதான். யாரும் நம்பாதபோது நம்பினாரே!

ஆனால் ஒன்று. ஒரு பெரிய விஷயத்தில் நாம் சொன்னது சரியாகிவிட்டால், அதற்குப் பிறகு நாம் சொல்வதெல்லாம் சரி என்று தோன்ற ஆரம்பித்துவிடுகிறது. வயது ஏற ஏற அது கூடுகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் திருத்த வேண்டும். பக்கத்தில் இருப்பவர்கள் யார்? அங்கிள் என்று கூப்பிடுகிற நாங்கள்.

போன வருடம் பாக்கிங் ரூமில் என் கண் எதிரேயே நடந்தது இது. ஷீலா ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். அங்கிள் ஜெர்மனிக்குப் போகும் சரக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, நீங்க கம்பெனி ஆரம்பிச்சப்போ உங்களுக்கு ஃபார்ட்டி."

"ஆமா, அதுக்கென்ன?"

"ஐ ஆம் ஃபார்ட்டி டூ."

"பொறும்மா. எல்லாம் உனக்குத்தான். லாங் டெர்ம்ல பாரு."

"தயிர் உறைஞ்சு ரொம்ப நாள் ஆச்சுப்பா. எடுத்து ஃப்ரிட்ஜ்ல வைக்கலேன்னா புளிச்சிடும்."

அங்கிள் ஒரு நிமிடம் அவளையே பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "பாத்தீராவே, யாரு மக!" என்றார். அடுத்த வாரமே மீட்டிங் போட்டு, எழுபத்தைந்து முடிந்ததும் ஒதுங்கிக்கொள்வதாகவும், ஷீலா நாற்காலியில் உட்காருவாள் என்றும் எல்லோர் முன்னாலும் அறிவித்தார்.

அந்த எழுபத்தைந்து முடிந்ததற்குத்தான் பார்ட்டி.

முதலில் மைக் என்பவன் பேசினான். ஷாப் ஃப்ளோர் ஃபோர்மேன், வெள்ளைக்காரன். ரிப்பன் சுற்றிய ஒரு தூண்டிலைக் கொண்டுவந்து அங்கிள் கையில் கொடுத்தான். "முப்பது வருஷமா எங்களை விரட்டினது போதும். போய் மீனை விரட்டுங்க!" என்று இங்கிலீஷில் சொன்னான். எல்லோரும் சிரித்தோம். அங்கிளும் சிரித்தார். ஒரு கையில் தூண்டில், கழுத்தில் மாலை. அந்த நிமிடத்தில் அவர் போகத் தயாராகத்தான் இருந்தார். நான் பார்த்தேன்.

பிறகு நம்மவர்கள் பேச வந்தார்கள்.

நம் ஊர்ப் பழக்கம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளி கிளம்பினால், "அதுக்குள்ளயா? ரெண்டு நாள் இருந்துட்டுப் போகலாமே" என்போம். பை கையில் இருக்கும், கார் வாசலில் நிற்கும், விமான டிக்கெட் சட்டைப் பையில் இருக்கும். சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். சொல்லாமல் இருந்தால்தான் வம்பு. 'எப்போ கிளம்புவேன்னு காத்திருந்தாங்க போல' என்று ஆகிவிடும்.

அதைத்தான் செய்தோம். கையில் மைக்ரோஃபோன் கிடைத்ததால் கொஞ்சம் சத்தமாகச் செய்தோம்.

ஒரு டாக்டர் எழுந்தார். "சிங்கத்துக்கு ஏதுங்க ரிடையர்மெண்ட்?" கைதட்டல். ஒரு ஆண்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அங்கிள் இல்லாத கம்பெனியை நெனச்சுக்கூடப் பார்க்க முடியலை" என்றார். அவர் அந்தக் கம்பெனியை வெளியிலிருந்துகூடப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். போன வருடம்தான் சென்னையிலிருந்து வந்த ஒரு சாஃப்ட்வேர் பையன், "நூறு வயசு வரைக்கும் நீங்கதான் அந்த சேர்ல இருக்கணும் அங்கிள். போகாதீங்க! இது எங்க ஆர்டர்!" என்று கத்தினான். விசில் பறந்தது.

"அந்தோணி அண்ணன் பேசுவார்" என்று என்னையும் தள்ளிவிட்டார்கள். நன்றி சொல்லிவிட்டு இறங்க வேண்டும் என்றுதான் போனேன். அப்போது பால்கனில் சண்டை மறுபடி மூண்டிருந்தது. குரோஷியாவுக்குப் பக்கத்து நாட்டில் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டிருந்தன. அன்று மாலைகூட டிவியில் எரிகிற பாலம் ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் பார்ட்டிக்குக் கிளம்பினேன். எங்கள் ஃபாக்டரி, என் ஷேர், எங்கள் வயதான காலம்... எல்லாம் கண் முன்னே ஓடியது. வாயைத் திறந்தேன்.

"அங்கிள்... நீங்க இல்லேன்னா எங்களுக்கு யாரு அங்கிள்?"

ஹால் அமைதியாகிவிட்டது. மற்றவர்கள் மரியாதைக்குச் சொன்னார்கள். நான் பயத்தில் சொன்னேன். பயத்தில் வருகிற வார்த்தைக்கு ஒரு கனம் இருக்கிறது போலிருக்கிறது.

அங்கிள் தூண்டிலைச் சுவரில் சாய்த்துவிட்டு எழுந்தார்.

"இத்தனை பேரு போகாதேங்கும்போது நான் எப்படிப் போவேன்? ஐரோப்பாவுல மறுபடி குண்டு விழுது. டிவியில பாக்கியள்லா? இந்த நேரத்துல அனுபவம் உள்ளவன் ஒருத்தன் வேணும். இன்னும் ஒரு ரெண்டு வருஷம்... அதுக்கப்புறம் கர்த்தர் விட்ட வழி."

கைதட்டினோம். எழுந்து நின்று தட்டினோம்! மைக் ஒன்றும் புரியாமல் என் காதருகே, "அவர் இப்போது என்ன சொன்னார்?" என்று கேட்டான். மொழிபெயர்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

ஷீலா கேக் பக்கத்தில் கத்தியோடு நின்றிருந்தாள். கைதட்டல் ஓயும்வரை நின்றாள். பிறகு குனிந்து, 'ரிடையர்மெண்ட்' என்ற வார்த்தையை முதலில் வெட்டி, துண்டு துண்டாகத் தட்டுகளில் வைத்து எல்லோருக்கும் கொடுத்தாள்.

தட்டுகளை எடுத்துக்கொண்டு ஹாலின் கிச்சனுக்கு அவள் பின்னாலேயே போனேன்.

"ஷீலாம்மா, அவங்க யாரும் அதை நெனச்சுச் சொல்லலை. ஒரு மரியாதைக்கு..."

"தெரியும் அண்ணா." குழாயைத் திறந்தாள். "அப்பாவுக்கும் தெரியும்."

நான் தட்டுகளைத் தொட்டியில் வைத்தேன்.

"நீங்க எதுக்கு அண்ணா சொன்னீங்க?"

"பயமா இருந்துச்சும்மா. அங்கே சண்டை... நம்ம பணம்..."

"போன தடவை சண்டை வந்தப்போ உங்க பணத்தை யார் பார்த்துக்கிட்டா?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தேவலை. நிஜமாகவே பதில் வேண்டும் என்பது போலக் கேட்டாள். அனுபவம் உள்ளவர் வேண்டும் என்றாரே அங்கிள்... அந்த ஊர்ச் சண்டையில் அனுபவம் யாருக்கு? அவர் அந்த ஃபாக்டரியைப் பார்த்ததே இரண்டு தடவைதான். வாங்கும்போது ஒரு தடவை, கூரை மாற்றியபின் ரிப்பன் வெட்ட ஒரு தடவை.

திரும்பி வரும்போது காரில் ரோஸி என்னைப் பிடிபிடி என்று பிடித்துவிட்டாள்.

"நீங்க எல்லாரும் சேர்ந்து அந்தப் பொண்ணு வயித்துல அடிச்சிட்டீங்க."

"நாங்க என்ன பண்ணோம்? ஒரு பேச்சுக்கு..."

"எங்க ஹாஸ்பிட்டல்ல அடுத்த ஷிஃப்ட் ஆள் வந்துட்டா, பேஷண்ட் எப்படி இருக்கார்னு சொல்லிட்டு கோட்டை மாட்டிக்கிட்டு நடையைக் கட்டிடணும். 'நான் போனா பேஷண்ட் செத்துடுவார்'னு எவளாவது கட்டிலைப் பிடிச்சுக்கிட்டு நின்னா, முதல்ல அவளுக்குத்தான் டாக்டரைக் கூப்பிடுவாங்க!"



இரண்டு வாரம் கழித்து ஷீலா ராஜினாமா கொடுத்தாள். டெக்ஸஸில், இர்விங் பக்கம் ஒரு பெரிய கம்பெனி. அவர்களுடைய ஐரோப்பிய ஃபாக்டரிகள் மொத்தத்தையும் இவளிடம் கொடுக்கிறார்கள். சும்மாவா கொடுப்பார்கள்? குண்டு விழும்போது நிலவறையில் மெஷினைக் காப்பாற்றிய ஆளை எந்தக் கம்பெனி வேண்டாம் என்று சொல்லும்?

மனசு கேட்கவில்லை. அங்கிளின் அறைக் கதவைத் தட்டினேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஐரோப்பா மேப்பில் ஒருவர் குச்சியால் எதையோ காட்டிக்கொண்டிருந்தார்.

"அங்கிள்... ஷீலாம்மாவை இருக்கச் சொல்லலாமே?"

"எப்படி இருக்கச் சொல்ல? சும்மா இருன்னா இருப்பாளா? சேரையில்லா கேப்பா."

"கொடுத்துடுங்களேன் அங்கிள்."

எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியவில்லை. அங்கிள் டிவியை அணைத்தார். கோபப்படப் போகிறார் என்று கதவுப் பக்கம் நகர்ந்தேன். கோபப்படவில்லை.

"கொடுத்துட்டு எங்கவே போவேன்? உங்க ஆண்ட்டி போயி நாலு வருஷமாச்சு. காலைல எந்திரிச்சா இந்தக் கம்பெனி ஒண்ணுதான் என்னை வான்னு கூப்பிடுது. அன்னைக்கு நீங்கள்லாம் போகாதன்னதும்... எனக்கு அது போதும்னு ஆயிட்டுவே."

நாங்கள் ஒரு பேச்சுக்குச் சொன்னது. அவர் அதைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டுக்குள் வைத்துக்கொண்டுவிட்டார். முப்பது வருடம் கழித்து வரப்போகிற லாபத்தைப் பார்க்கத் தெரிந்த மனிதர். காலையில் எழுந்து காபி குடித்தபின் என்ன செய்வது என்பதைப் பற்றி மட்டும் ஒருநாளும் யோசித்து வைக்கவில்லை. நாங்களும் கேட்டதில்லை. 'ரிடையர் ஆனா என்ன பண்ணப் போறீங்க அங்கிள்? ஞாயிற்றுக்கிழமை எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்களேன்' என்று ஒருவர், ஒரே ஒருவர், மைக்ரோஃபோனில் சொல்லியிருந்தால்? அதைவிடப் பெரிய பொன்னாடை ஏது?

சென்ற வெள்ளிக்கிழமை ஷீலாவின் கடைசி நாள். விருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மத்தியானம் அவளுடைய பெட்டிகளை நான்தான் காரில் ஏற்றினேன். மைக் வந்து கட்டிப்பிடித்துவிட்டுப் போனான். அவள் காரை ஸ்டார்ட் பண்ணிவிட்டு, கிளம்பாமல் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி இறக்கியிருந்தது. பார்வை ஆபீஸ் கதவின் மேலேயே.

அங்கிள் வந்தார். மெதுவாக, கைப்பிடியைப் பிடித்துப் படி இறங்கி வந்தார். கார் ஜன்னலில் கையை ஊன்றி நின்றார்.

"டெக்ஸஸ்ல வெயில் ஜாஸ்திம்மா."

"ஆமாப்பா."

"கார்ல ஏசி பாத்துட்டியா?"

"பார்த்துட்டேன்."

இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். அவளும் இருந்தாள். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. மனசுக்குள் கெஞ்சினேன். சொல்லிவிடுங்கள் அங்கிள், ஒரே ஒரு வார்த்தை...

"சரி... பத்திரமா போயிட்டு வா."

"வரேன்ப்பா."

கார் திருப்பத்தில் மறைகிறவரை நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "போகாதேன்னு சொல்லியிருந்தா இருந்திருப்பாளோ வே?" என்றார்.

ஊரையே போக விடாமல் உபசாரம் பண்ணத் தெரிந்தவர்கள் நாம். நிஜமாகவே போகக் கூடாத ஒருத்தி கிளம்பும்போதுதான், "பத்திரமா போயிட்டு வா" என்கிறோம்.